சமணர் மலை: மழைக்காலத்தில் எப்போது ஏறுவது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. கோடையில் கால் வைக்க முடியாமல் கொதித்த கீழக்குயில்குடிச் சமணர் மலைப் பாறை இப்போது குளிர்ந்து கிடக்கிறது. தூசி அடங்கியதால் மேலிருந்து பார்த்தால் கிழக்கே மதுரை நகரமும் வடக்கே நாகமலையும் துலக்கமாகத் தெரியும். ஏற இதைவிட நல்ல பருவம் இல்லை. நேரம் பார்த்து ஏற வேண்டும், அவ்வளவுதான்.

மழையில்லாத இரவென்றால் விடிந்ததும் புறப்படுங்கள். இரவில் பெய்திருந்தால் வெயில் பட்டுப் பாறை உலரும்வரை காத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும் என்பதால் பதினொரு மணிக்குள் அடிவாரம் வந்து சேர்வது நல்லது. இடி கேட்டால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே இறங்குங்கள். மொட்டைப் பாறையில் ஒதுங்க இடமில்லை. ஒற்றை மரத்தடியும் குகை வாயிலும் மின்னலுக்குப் பாதுகாப்பல்ல.

பாறையில் கறுத்த பட்டைகளாகத் தெரிவது மழைநீர் வழியும் தடம். அங்கே பாசி படிந்திருக்கும். காய்ந்தது போல் தெரிந்தாலும் ஈரம் பட்டால் வழுக்கும். வெளுத்த பாறையிலேயே கால் வையுங்கள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கால் சறுக்கும். அடி தேய்ந்த செருப்பு வேண்டவே வேண்டாம். குழந்தைகளைக் கையில் பிடித்தே இறக்குங்கள்.

மலைமேல் உள்ள பேச்சிப்பள்ளத்தில் கட்டாயம் நில்லுங்கள். சுனைக்கு மேலே பாறையில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி என வரிசையாக எட்டுச் சிற்பங்கள். கீழே, செய்வித்தவர் பெயர் சொல்லும் வட்டெழுத்துகள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. சாய்ந்த காலை ஒளியில் எழுத்தின் பள்ளங்கள் நிழல் கட்டித் தாமே தெரியும். சுண்ணக்கட்டி தேய்ப்பதும் தண்ணீர் தெளிப்பதும் கல்லைக் கெடுக்கும். பக்கத்தில் தங்கள் பெயரைக் கீறிப் போனவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. யாராவது கீறக் கண்டால் தயங்காமல் தடுங்கள்.

மலையின் இன்னொரு பக்கத்தில் இருக்கிறது செட்டிப்புடவு என்ற சமணக் குகை. சிங்கத்தின் மேலிருந்து, யானை மேல் வருபவனோடு போரிடும் பெண் தெய்வச் சிற்பம் அங்கே உண்டு. மழைக்காலத்தில் ஊர் ஊராக நடக்காமல் ஓரிடத்தில் தங்குவது சமணத் துறவிகளின் நெறி. அதை அறிந்துகொண்டு இந்த மாதங்களில் அந்தக் குகையைப் பாருங்கள்.

அடிவாரத் தாமரைக் குளம் நிறையும் காலம் இது. கொடி காலைச் சுற்றும். இறங்கிக் குளிக்க வேண்டாம்.