டி.வி. கேம் பெட்டியின் பாட்டைக் கணிப்பொறியில் கேட்பது எப்படி?

1994-ஆம் ஆண்டு ஓணத்தை ஒட்டி, கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் திரும்பியதும் இருந்த ஒரு கடையில் என் மகனுக்கு டி.வி. கேம் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கூடவே ஒரு மஞ்சள் கார்ட்ரிட்ஜ். அதன் மேல் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாக அச்சிட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்துதான், மற்றவை அவற்றின் மறுபதிப்பு. ஆறு வருடம் மாலை நேரங்களில் எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியின் பாட்டு ஓயவில்லை. சமையலறையில் இருந்த என் மனைவிக்கு விளையாட்டு ஒன்றும் தெரியாது. ஆனால் பாட்டுக் கற்றவள். பாட்டு மாறியதும், "சுரங்கத்துக்குள்ளே போயிட்டான்" என்று அங்கிருந்தே சொல்லிவிடுவாள்.

பெட்டி என்றோ பழுதாகிப் போயிற்று. சென்ற வருடம், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் அந்த மாரியோ விளையாட்டின் இசைக் கோப்பை அனுப்பி, "அப்பா, அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்க" என்றான். போட்டேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மெட்டு அதுதான். ஆனா இது நம்ம வீட்டுப் பாட்டு இல்லை. ஓட்டமா ஓடறது, குரலும் வேற" என்றாள். வயதானதால் வந்த மறதி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஆராய்ந்து பார்த்ததில் அவள் சொன்னது முற்றிலும் சரி என்று தெரிந்தது. அந்த ஆராய்ச்சியில் நான் கற்றதையே இங்கே பாடமாக எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. அந்தப் பெட்டிகளில் இசை ஒலிப்பதிவாக இருந்ததில்லை. ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல்களே சாமுராய், மீடியா முதலிய பெயர்களில் நம் நாட்டில் விற்றவை. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும், படம், நிரல், இசை எல்லாம் சேர்ந்து, 40 கிலோபைட் மட்டுமே. இசைத்தட்டுத் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டைப் பதிவு செய்தாலே 10 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும்; அதாவது அந்த விளையாட்டைப் போல 250 மடங்கு! பிறகு கோஜி கோண்டோ அமைத்த அத்தனை மெட்டுகளும் அதற்குள் எப்படி அடங்கின? உள்ளே இருப்பது ஸ்வரக் குறிப்பும், அதைப் படித்து வாசிக்கும் சிறு நிரலும்தான். வாசிக்கும் வாத்தியம் பெட்டியிலுள்ள சில்லு. அதற்கு ஐந்து குரல்கள்: இரண்டு சதுர அலைகள், ஒரு முக்கோண அலை, இரைச்சல் ஒன்று, சிறு ஒலித்துண்டுகளை ஒலிக்கும் வழி ஒன்று. நிரல் டி.வி.யின் ஒவ்வொரு படச் சட்டத்துக்கும் ஒருமுறை விழித்து, அடுத்த ஸ்வரத்தைச் சில்லுக்குச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எங்கள் வீட்டு மர்மம் அடங்கியிருக்கிறது. ஜப்பான் டி.வி.யில் வினாடிக்கு 60 சட்டங்கள். நம் நாட்டு டி.வி.யில் 50. ஆகவே அங்கே 30 வினாடியில் முடிகிற பாட்டு இங்கே 36 வினாடி ஓடியது. சுருதியும் அதே அளவு இறங்கியிருக்க வேண்டாமோ என்று கேட்கலாம். இல்லை. சுருதியைத் தீர்மானிப்பது படச் சட்டம் அல்ல, சில்லின் கடிகாரம். ஜப்பான் பெட்டியில் அது வினாடிக்கு 17.9 லட்சம் துடிப்பு. நகல் பெட்டியில் 17.7 லட்சம். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அரை ஸ்வரத்தில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கீத பாஷையில் சொன்னால் சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்க, காலப்பிரமாணம் மட்டும் இறங்கியது. நாம் கேட்டு வளர்ந்தது அந்த விளம்ப மாரியோவை!

குரல் வேறுபட்டதற்குக் காரணம் இன்னும் வேடிக்கையானது. சதுர அலையின் ஒரு சுற்றில் எவ்வளவு பங்கு மேலே நிற்கிறது என்பதை மாற்றினால் நாதம் மாறும். 50 விழுக்காடு என்றால் உள்ளே காலியான, குழல் போன்ற நாதம். 25 என்றால் மூக்கால் பாடுவது போன்ற கூர்மை. நகல் சில்லுகள் பலவற்றில் இவ்விரண்டும் இடம் மாறிவிட்டன. இசையமைப்பாளர் குழல் கேட்ட இடத்தில் மூக்கொலி, மூக்கொலி கேட்ட இடத்தில் குழல். விளையாட்டு ஓடுவதற்கு இது தடை இல்லையாதலால் யாரும் கவலைப்படவில்லை போலும்.

இனி கணிப்பொறிக்கு வருவோம். இந்த இசைக்கு என்.எஸ்.எஃப். என்ற கோப்பு வகை உண்டு. அமைத்தவர் கெவின் ஹார்ட்டன். வெறுமனே கேட்டால் போதும் என்பவர்கள் வி.எல்.சி. நிரலிலேயே திறக்கலாம். ஆனால் நம் பெட்டியின் பாட்டு வேண்டுமானால் என்.எஸ்.எஃப்.பிளே என்ற இலவச நிரல் வேண்டும். அதன் அமைப்புகளில் நாட்டு முறையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. நான் யோசிக்காமல் 'பால்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன், நம் டி.வி. பால் முறை அல்லவா? "வேகம் சரி, சுருதி இறங்கிப் போச்சே" என்றாள் மனைவி. அதுவும் சரிதான்! அந்தத் தேர்வு நின்டென்டோ ஐரோப்பாவுக்காகச் செய்த பெட்டியைக் குறிப்பது. அதில் மூலப் படிகத்தின் துடிப்பை 16-ஆல் வகுத்தார்கள். நகல்காரர்கள் 15-ஆல் வகுத்தார்கள். 16-ஆல் வகுத்ததில் சுருதி அரை ஸ்வரத்துக்கு மேலேயே இறங்கிவிடுகிறது. நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது 'டெண்டி'. 1992-இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த நகல் பெட்டியின் பெயர் அது. அதன் வயிறும் நம் பெட்டியின் வயிறும் ஒன்றே. பிறகு 25, 50 இரண்டையும் இடம் மாற்றும் குறியையும் போட்டேன். சுரங்கப் பாட்டு வந்ததும் சமையலறையிலிருந்து, "ம், உள்ளே போயிட்டான்" என்று குரல் வந்தது.

இளைஞர்கள் 'ரிப்' என்று சொல்லும் உரித்தெடுத்தல் வேலையையும் சொல்லிவிடுகிறேன். கார்ட்ரிட்ஜைப் படிக்கும் சிறு கருவியை யு.எஸ்.பி. வழியாக இணைத்து, உள்ளே இருப்பதை முழுவதுமாகக் கணிப்பொறிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு மெசன் போன்ற போலிப்பெட்டி நிரலில் ஓடவிட்டு, பிழைதிருத்தும் சாளரத்தைத் திறந்து, பதினாறடிமான எண்ணில் 4000 என்று தொடங்கும் ஒலி முகவரிகளில் யார் எழுதுகிறார்கள் என்று காவல் வைக்க வேண்டும். திருடன் அகப்பட்டதும் பின்தொடர்ந்து போனால் இரண்டு வாசல்கள் தெரியும்: பாட்டு எண்ணைக் கொடுத்துத் தொடங்கும் இடம் ஒன்று, சட்டத்துக்கு ஒருமுறை அழைக்கப்படும் இடம் மற்றொன்று. இவ்விரண்டு முகவரிகளையும், நிரல் நினைவகத்தில் ஏற வேண்டிய முகவரியையும், பாட்டுகளின் எண்ணிக்கையையும், பெயர்களையும் 128 பைட் தலைப்பில் எழுதி, அதன் பின்னே இசைப் பகுதியை ஒட்டினால் என்.எஸ்.எஃப். தயார். சொல்வது எளிது. எனக்கு முதல் கோப்புக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதிலும் பாதி நேரம் ஒரே ஒரு 'டொய்ங்' சத்தம்தான்.

மற்றப் பெட்டிகளுக்கு முறை வேறு. 1990-இல் வந்த சூப்பர் ஃபேமிகாமில் ஒலிக்கென்று தனியாக 64 கிலோபைட் நினைவகம் இருந்ததால், பாட்டு ஓடும்போது அதை அப்படியே படம் பிடித்ததுபோல் எடுத்துவிடலாம், அது எஸ்.பி.சி. கோப்பு. செகா பெட்டிக்கு வி.ஜி.எம்.: சில்லுக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையையும் நேரத்தோடு குறித்துக்கொள்வது. பிளேஸ்டேஷன் குறுந்தகடுகளில் சிலவற்றில் பாட்டு சாதாரண இசைத்தட்டு போலவே பதிந்திருக்கும். அங்கே உரிக்க ஒன்றுமில்லை.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர் பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுக்க இடம் தருகிறது. அந்த மஞ்சள் கார்ட்ரிட்ஜ் முறையான பிரதி என்று யாரும் சாதிக்க முடியாது. என் கோப்புகளை நான் யாருக்கும் விநியோகிப்பதில்லை.

ஆனால் பாட்டு எந்தப் பெட்டியில் எப்படி ஒலித்தது என்ற குறிப்பைப் பகிர்வதற்கு யார் அனுமதியும் வேண்டாம். சுவாதித் திருநாளின் கிருதிகள் சிலவற்றுக்குச் சாகித்தியம் இருந்தும் பழைய மெட்டு கிடைக்காமல், முத்தையா பாகவதரும் செம்மங்குடியும் புதிதாக மெட்டமைக்க நேர்ந்தது. இங்கே நிலைமை நேர்மாறு. ஸ்வரம் ஒன்றுகூடத் தப்பாமல் கோப்பில் இருக்கிறது. நம் ஊரில் வாசித்த விதம்தான் கோப்பில் இல்லை. அது 1990-களில் கேட்டவர்களின் காதில் மட்டுமே இருக்கிறது.

ஆகவே சாதாரண ஒலிக்கோப்பாகப் பதிவு செய்யும்போது இரண்டைக் கவனியுங்கள். இந்தப் பாட்டுகளுக்கு முடிவு கிடையாது, சுற்றிச் சுற்றி வரும். இரண்டு சுற்று முடிந்து மெல்ல அடங்கும்படி நேரத்தைக் குறித்துவிடுங்கள். கோப்பின் பெயரிலேயே 'டெண்டி, 25-50 மாற்றியது' என்று எழுதி வையுங்கள். பெயர் எழுதாமல் நான் சேர்த்து வைத்த முதல் தொகுப்பில் எது எது என்று பிரிக்க, மறுபடியும் சமையலறைக்குத்தான் போக வேண்டியிருந்தது.