பழைய காப்பீட்டுக் கம்பெனிப் பங்குகள்: பெயரும் உரிமையும்

குடும்பத்துப் பெரியவர் ஒருவர் மறைந்தபின் அவருடைய பெட்டியைத் திறந்து பார்க்கிறோம். பட்டாவும் கிரயப் பத்திரமும் உரியவர் கைக்குச் செல்கின்றன. அடியில் பழுப்பேறிய பங்குச் சான்றிதழ் ஒன்று கிடக்கிறது. அதில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் பெயர் உள்ளது. "அந்தக் கம்பெனியைத்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டதே, இனி இது வெறும் காகிதம்" என்கிறார் ஒருவர். "இன்று இது பல லட்சம் பெறும்" என்கிறார் மற்றொருவர். இருவரும் ஆராயாமல் பேசுகின்றனர். முன்னவர் சொற்படி நடந்தால் உள்ள உரிமையை இழக்க நேரிடலாம். பின்னவர் சொற்படி நடந்தால் இல்லாத உரிமைக்காகக் கைப்பொருளை இழக்க நேரிடலாம். ஆகவே இப்பொருளை முறையாக அறிந்துகொள்வது நலம்.

1. எடுத்துக்கொள்ளுதல் ஒரே வகையன்று

நம் நாட்டில் காப்பீட்டுக் கம்பெனிகள் கைமாறிய காலங்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் பங்குதாரர் நிலை வெவ்வேறாகும்.

முதலாவது, 1956. அவ்வாண்டு ஜனவரி 19-இல் அவசரச் சட்டத்தின் வாயிலாக ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகத்தை மத்திய அரசு ஏற்றது. செப்டம்பர் 1-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது எல்.ஐ.சி., தோன்றியது. 154 இந்திய நிறுவனங்கள், 16 வெளிநாட்டு நிறுவனங்கள், 75 பிராவிடண்ட் சங்கங்கள் என 245 அமைப்புகளின் ஆயுள் காப்பீட்டுத் தொழில் அதனுள் அடங்கியது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. அரசு எடுத்துக்கொண்டது ஆயுள் காப்பீட்டுத் தொழிலைத்தான், கம்பெனியின் பங்குகளையன்று. இழப்பீடு கம்பெனிக்கு உரியதாயிற்று. அதன்பின் கலைந்துபோன கம்பெனிகளும் உண்டு; வேறு தொழிலை மேற்கொண்டு தொடர்ந்தவையும் உண்டு.

இரண்டாவது, 1973. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகத்தை அரசு 1971 மே மாதத்தில் ஏற்றது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1973 ஜனவரி 1 முதல் அத்தொழில் நாட்டுடைமையாயிற்று. 107 நிறுவனங்கள் நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்னும் நான்கினுள் அடக்கப்பட்டன. இம்முறை இந்தியக் காப்பீட்டுக் கம்பெனிகளின் பங்குகளே மத்திய அரசைச் சேர்ந்தன. பங்குதாரருக்கு எஞ்சியது சட்டம் வரையறுத்த தொகை மட்டுமே.

மூன்றாவது, 2000-க்குப் பிற்பட்ட தனியார் காலம். எடுத்துக்காட்டாக, எக்ஸைடு லைஃப் நிறுவனம் 2022 அக்டோபரில் எச்.டி.எஃப்.சி. லைஃப் நிறுவனத்துடன் இணைந்தது. எக்ஸைடு லைஃபின் பங்குகள் முழுவதும் அதன் தாய்க் கம்பெனியிடமே இருந்தன. எனவே ஒரு குடும்பத்தாரிடம் அப்பெயரில் உள்ள காகிதம் பாலிசியேயன்றிப் பங்கன்று. பாலிசியின் பொறுப்பு புதிய நிறுவனத்தைச் சார்ந்தது.

2. பெயரைக் கண்டு மயங்கலாகாது

நியூ இந்தியா நிறுவனத்தை 1919-இல் நிறுவியவர் சர் தோராப்ஜி டாட்டா. 2017 நவம்பரில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. ஆயினும் 1973-க்கு முற்பட்ட சான்றிதழைக் கொண்டு இன்றைய பங்கைக் கோர இயலாது. அப்பங்கு அன்றே அரசுக்குச் சென்றுவிட்டது. எல்.ஐ.சி. பங்குகளும் 2022 மே மாதத்தில் சந்தைக்கு வந்தன. பழைய ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் பங்கு எல்.ஐ.சி. பங்காக மாறவில்லை, கழகத்தின் தொடக்க மூலதனமான 5 கோடி ரூபாயை அரசே அளித்தது.

இதற்கு மாறானது பியர்லெஸ் கம்பெனியின் வரலாறு. 1932-இல், இன்று வங்கதேசத்தில் உள்ள நாராயண்கஞ்சில், அது ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியாகத் தொடங்கியது. 1956-இல் அத்தொழில் கைவிட்டுப் போனபின் சிறுசேமிப்புத் தொழிலில் இறங்கி, நிதி முதலீட்டுக் கம்பெனியாகத் தொடர்ந்தது. பெயரில் காப்பீடு மறைந்தது, கம்பெனி மறையவில்லை.

ஆகவே பெயர் வாழ்ந்தும் பங்கு மறைந்திருக்கலாம். பெயர் மறைந்தும் பங்கு வாழ்ந்திருக்கலாம். இதுவே இப்பாடத்தின் சாரம்.

3. தேடும் முறை

முதலில் சான்றிதழைப் படிக்க வேண்டும். கம்பெனியின் முழுப்பெயர், பதிவு அலுவலகம், வழங்கிய தேதி, பங்குகளின் எண்ணிக்கை, சான்றிதழ் எண், ஃபோலியோ எண் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிக்கொள்க. தேதியும் தொழிலின் வகையும் மேற்கூறிய மூன்று காலங்களுள் எது பொருந்தும் என்பதைக் காட்டும்.

அடுத்து, கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடுக. அது இயங்குகிறதா, கலைக்கப்பட்டதா, வேறொன்றுடன் இணைந்ததா என்று பார்க்க வேண்டும். பெயர் மாறியிருப்பின் கம்பெனிப் பதிவாளரிடம் உள்ள ஆவணங்களை உரிய கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம். வேறொரு கம்பெனியுடன் இணைந்திருப்பின், பழைய பங்கு எத்தனைக்குப் புதிய பங்கு எத்தனை என்பதை இணைப்புத் திட்டம் கூறும். கலைந்துவிட்ட கம்பெனியாயினும் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாகாது; கலைப்பின்போது பங்குதாரருக்கு உரிய தொகை ஏதேனும் கோரப்படாமல் உள்ளதா என்று விசாரிக்க வேண்டும்.

கம்பெனி இருப்பின் அதன் செயலருக்கோ பங்குப் பதிவாளருக்கோ பதிவுத் தபாலில் எழுதுக. சான்றிதழின் நகலை மட்டும் இணைக்க; மூலத்தைக் கேட்டவுடன் அனுப்பிவிடலாகாது. சான்றிதழ் தொலைந்துபோயினும் உரிமை தொலைவதில்லை. கம்பெனியின் உறுப்பினர் ஏட்டில் பெயர் இருந்தால் நகல் சான்றிதழ் கோர வழியுண்டு.

4. அரசு நிதிக்குச் சென்ற பங்குகள்

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, தொடர்ந்து ஏழாண்டுகள் ஈவுத்தொகை பெறப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். அதனை நிர்வகிக்கும் ஆணையம் 2016 செப்டம்பர் 7-இல் அமைந்தது. அங்குச் சென்ற பங்கு அழிந்த பங்கன்று. உரியவர் கோரித் திரும்பப் பெறலாம். முன்கூறிய பியர்லெஸ் கம்பெனியிடம் கோரப்படாது கிடந்த வைப்புத்தொகையில் 1,514 கோடி ரூபாய் இந்நிதிக்குச் சென்ற செய்தி 2019-இல் வெளிவந்தது. மக்கள் மறந்த பொருளின் அளவை இதனால் உணரலாம்.

கோருபவர் தம் பெயரில் டீமேட் கணக்கு வைத்திருத்தல் வேண்டும். ஐ.ஈ.பி.எஃப்.-5 என்னும் படிவத்தை இணையத்தில் நிரப்பி, ஆவணங்களைக் கம்பெனியின் பொறுப்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி சரிபார்த்து அறிக்கை அளித்தபின் ஆணையம் முடிவு செய்யும். படிவத்திற்குக் கட்டணம் இல்லை.

பங்குதாரர் மறைந்திருப்பின், வாரிசுகள் தம் உரிமையை முதலில் கம்பெனியிடம் நிலைநாட்ட வேண்டும். இறப்புச் சான்றிதழும் தாசில்தார் அளிக்கும் வாரிசுச் சான்றிதழும் இதற்கு அடிப்படை. தொகை பெரிதாயின் நீதிமன்றச் சான்று தேவைப்படலாம். உடன்பிறந்தோர் அனைவரும் ஒருங்கே அமர்ந்து, யார் கோருவது, எவ்வாறு பகிர்வது என்பதை முன்னரே எழுதிக்கொள்க. சிறு தொகைக்காகக் குடும்பம் பிளவுபடலாகாது. மணமாகிச் சென்ற பெண்மக்களின் பங்கை மறந்துவிடவும் கூடாது.

5. எச்சரிக்கை

"பங்கை மீட்டுத் தருகிறோம், முன்பணம் தருக" என்று வருவோரிடம் வெற்றுத்தாளில் கையொப்பமிட வேண்டா. மூலச் சான்றிதழையும் தரவேண்டா. கம்பெனி இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கும் வேலையைப் படித்த பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம்.

இவ்விதழ் கையில் உள்ளபோதே வீட்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். எந்தக் காகிதம் எங்குள்ளது என்பதை ஒரு நோட்டில் எழுதி, இல்லத்தரசிக்கும் பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். நம் பெட்டியில் இருப்பது என்னவென்று நம் பிள்ளைகள் பிறரைக் கேட்கும் நிலை வரலாகாது.