தைரியம் இருக்கட்டும், அளவைச் சொல்

அன்புள்ள தங்கைக்கு,

மாகறலிலிருந்து நீ போடும் ரீல்ஸை விடாமல் பார்க்கிறேன். பருத்த உடம்புக்குச் சேலையும் சுடிதாரும் எப்படிப் பொருந்தும் என்று செய்யாற்றங்கரையில் நின்று காட்டுகிறாய். பார்க்கிறவர்கள் உன் தைரியத்தைத்தான் மெச்சுகிறார்கள். துணி உடுத்த எதற்குத் தைரியம்? கைதட்டிவிட்டுப் போகிறவளுக்கு நாளைக்கே ஒரு கல்யாணம் வரும். ஜாக்கெட் கை ஏறாது. அப்போது உதவுவதுதான் உன் வேலை.

காஞ்சிபுரம் உனக்குப் பக்கத்து ஊர். அங்கே நெய்யும் பட்டுச்சேலை ஐந்தரை மீட்டர். இடுப்பு 30 அங்குலமோ 46 அங்குலமோ, கொசுவத்தில் சில மடிப்பு கூடும் அல்லது குறையும், அவ்வளவுதான். வம்பு ஜாக்கெட்டில். சேலையோடு வரும் ஜாக்கெட் பிட் பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். மார்பளவு 44-ஐத் தாண்டி, முழங்கை வரை கையும் வேண்டுமென்றால் அது பற்றாது. தையல்காரர் கையைக் குட்டையாக்குவார்; இல்லாவிட்டால் உள்தையலுக்குத் துணி விடமாட்டார், பின்னால் பிரித்துவிட வழியிருக்காது. பழி மட்டும் உடம்பின் மேல் விழும். சொல்லி நெய்ய வைப்பவர்கள் பிட்டை ஒரு மீட்டராகவே கேட்கலாம். கடையில் எடுப்பவர்கள் கைக்கு மட்டும் பொருத்தமான தனித்துணி வாங்கலாம். இதையெல்லாம் நீ சொல்லு.

ரெடிமேடிலும் இதே கதைதான். ஒரு நடுத்தர அளவுக்குப் பேட்டர்ன் போட்டுவிட்டு, அடுத்தடுத்த சைஸுக்கு அங்குலத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். உடம்பு அப்படிச் சீராகப் பருப்பதில்லை. அதனால்தான் பெரிய சைஸ் குர்தா தோளில் வழிகிறது, புஜத்தில் பிடிக்கிறது. நம் மக்களுக்கென்று அளவு அட்டவணை வேண்டும் என்றுதான் நிஃப்ட் என்னும் ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் 'இந்தியாசைஸ்' திட்டத்தில் 25,000 பேரை ஸ்கேனரில் அளக்க முனைந்தது. ஆகவே 'எக்ஸ்எல் போட்டிருக்கிறேன்' என்பதோடு நிறுத்தாதே. கடைக்குக் கடை அது மாறும். மார்பு, இடுப்பு, புஜச் சுற்று மூன்றையும் அங்குலத்தில் சொல்லு. இடுப்பை உட்கார்ந்தும் அளந்து பார். பஸ்ஸில் உட்காரும்போதுதான் தையல் விடும்.

இனி கேலி. தமிழ் சினிமாவில் பருத்த பெண் வெகுகாலம் சிரிப்புக்கு மட்டுமே வந்துபோனாள். 2015-ல் 'இஞ்சி இடுப்பழகி'க்காக அனுஷ்கா எடை கூட்டிக் கதாநாயகியாகவே நடித்தார். மறு ஆண்டு மும்பை லாக்மே ஃபேஷன் வீக்கில் பிளஸ் சைஸ் மாடல்களுக்கென்றே ஒரு மேடை அமைந்தது. காலம் மாறிவிட்டது என்று நினைத்தால், 2025 நவம்பரில் சென்னையில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் நடிகை கௌரி கிஷனின் எடை ஒரு கேள்வியாகிறது. அவர் எடைக்கு விளக்கம் சொல்லவில்லை. அப்படிக் கேட்பதே தவறு என்று அங்கேயே வாதாடினார். சென்னை பத்திரிகையாளர் மன்றமும் கண்டித்தது. நீயும் அப்படியே இரு. எத்தனை கிலோ என்று கேட்பவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் அல்ல நீ.

இரண்டு விஷயத்தில் எச்சரிக்கையாக இரு. சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் மருத்துவர் பேச வேண்டியவை. பருமனால் ஒன்றும் வராது என்று நீ வாக்குக் கொடுக்காதே. இளைக்க வைக்கும் பொடியையும் விற்காதே. அடுத்தது காசு. பணமோ இலவசத் துணியோ வாங்கினால் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடு. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே இதை விதியாக்கியிருக்கிறது. ஏமாற்றும் விளம்பரத்துக்கு முகம் கொடுப்பவருக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நம்பிப் பார்க்கிற பெண்களை இழப்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

உங்கள் ஊரிலும் உத்திரமேரூரிலும் தையல் மிஷின் வைத்திருக்கும் அக்காமார்களைக் கூட்டிக்கொள். கனத்த புஜத்துக்கு ஜாக்கெட் கையை எப்படி வெட்ட வேண்டும், உள்தையல் எவ்வளவு விட வேண்டும், கிராஸ் கட்டில் ஏன் கொஞ்சம் இளக்கம் கிடைக்கிறது என்று அவர்களையே பேச வை. இறுக்கிப் பிடிக்காத ஜாக்கெட் ஒன்று போட்டுக்கொண்டால் பாதி கூச்சம் போய்விடும். அடுத்த வீடியோவை அளவு நாடாவோடு தொடங்கு.

அன்புடன்,
உன் அக்கா