மாற்றான் கன்சோலுக்கு நம் கன்ட்ரோலர்

“வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது, அதற்கு இரண்டு கன்ட்ரோலர். இப்போது பையனுக்கு ஸ்விட்ச் வாங்கியாயிற்று. அதற்கும் தனியாகக் கன்ட்ரோலர் வாங்கத்தான் வேண்டுமா?” ஒரு கன்சோல் இருந்த வீட்டுக்குள் இரண்டாவது கன்சோல் நுழைந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. இந்த வீட்டுக்கு என் பதில், வேண்டாம் என்பது. இதே ஆள் ஸ்விட்சுக்குப் பதில் எக்ஸ்பாக்ஸ் வாங்கியிருந்தால் பதில் மாறியிருக்கும்.

ஏனென்றால் பூட்டு கன்ட்ரோலரில் இல்லை, கன்சோலில் இருக்கிறது. பிளேஸ்டேஷனின் டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ், ஸ்விட்சின் ப்ரோ கன்ட்ரோலர் எல்லாம் ப்ளூடூத்தில்தான் பேசுகின்றன. எக்ஸ்பாக்ஸ் மட்டும் தன் கன்சோலோடு பேசத் தனி ரேடியோ வைத்திருக்கிறது. ஆனாலும் 2016இல் ஒன் எஸ் கன்சோலோடு வந்த மாடல் முதல் அதன் கன்ட்ரோலரிலும் ப்ளூடூத் உண்டு. பழைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் கையில் இருந்தால் நடுவில் ஒளிரும் லோகோவைச் சுற்றிப் பாருங்கள். அந்த இடம் மேல்பக்க பம்பரோடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் அதில் ப்ளூடூத் இல்லை. முகப்புப் பிளாஸ்டிக்கோடு ஒரே துண்டாக இருந்தால் உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இந்த ஒன்றைப் பார்த்தாலே பாதி ஏமாற்றம் தப்பும்.

ஆக, பேசத் தெரிந்த கன்ட்ரோலருக்குக் குறையில்லை. காது கொடுக்கும் கன்சோல் எது என்பதே கேள்வி. கம்ப்யூட்டர் எல்லாருக்கும் காது கொடுக்கும். ஸ்விட்ச், ஒரு மொழிபெயர்ப்பாளர் நடுவில் இருந்தால் கேட்டுக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 5உம் எக்ஸ்பாக்ஸும் அடையாள அட்டை கேட்கும்.

ஸ்விட்சிலிருந்து தொடங்குவோம். அந்த மொழிபெயர்ப்பாளர், கட்டைவிரல் அளவில் இருக்கும் ஒரு யூஎஸ்பி அடாப்டர். 8பிட்டோ, மேஃப்ளாஷ் இரண்டும் இதில் தெரிந்த பெயர்கள். அடாப்டரை ஸ்விட்ச் டாக்கின் யூஎஸ்பி துளையில் செருகுகிறோம். டூயல்சென்ஸ் அதனோடு ப்ளூடூத்தில் பேசும். அடாப்டரோ ஸ்விட்சிடம், “நான் வயரில் மாட்டிய ப்ரோ கன்ட்ரோலர்” என்று கூசாமல் பொய் சொல்லும். ஸ்விட்ச் நம்பிவிடும்.

நம்ப வைக்க நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர்களுக்கான பகுதிக்குப் போய், ப்ரோ கன்ட்ரோலர் வயர் வழியே பேசுவதற்கான அமைப்பை ஆன் செய்யுங்கள். அடாப்டர் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பலர் இதைத்தான் விட்டிருந்தார்கள். பிறகு அடாப்டரில் உள்ள பட்டனை அழுத்தினால் விளக்கு வேகமாகச் சிமிட்டும். டூயல்சென்ஸில் கிரியேட் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் ஒன்றாக அழுத்திப் பிடியுங்கள்; டூயல்ஷாக் 4 என்றால் ஷேர் பட்டனும் பிஎஸ் பட்டனும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் மேல் விளிம்பில் இருக்கும் சின்ன பேரிங் பட்டனைச் சில விநாடி அழுத்தினால் போதும். டாக் இல்லாத ஸ்விட்ச் லைட் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு யூஎஸ்பி-சி ஓடிஜி கனெக்டரும் வேண்டும்.

பெயர் தெரியாத டாங்கிள் மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள். நானும் அப்படி ஒன்று வாங்கினேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் கன்சோல் அப்டேட் வந்தது. டாங்கிள் வாயை மூடிக்கொண்டது. தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளுக்கு ஃபர்ம்வேர் அப்டேட்டை யாரிடம் போய்க் கேட்பது? பொய் சொல்லிப் பிழைக்கும் கருவி இது. கன்சோல் கேள்வியை மாற்றினால் இதுவும் பதிலை மாற்றியாக வேண்டும். தளத்தில் தொடர்ந்து ஃபர்ம்வேர் வெளியிடும் கம்பெனியா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஸ்விட்ச் 2 வைத்திருப்பவர்கள், வாங்கப்போகும் மாடல் அதற்கு ஒத்துவரும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

கன்ட்ரோலர் அடாப்டரோடு இணைந்துவிட்டதும் வரும் அடுத்த குழப்பம் பட்டன். நின்டெண்டோவின் ஸ்விட்சில் ஏ வலப்பக்கம், பி கீழே. எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, பி வலப்பக்கம். எக்ஸ், ஒய் இரண்டும் அப்படியே தலைகீழ். அடாப்டர் எழுத்தைப் பார்க்காது, இடத்தைத்தான் பார்க்கும். திரையில் “ஏ அழுத்து” என்று வந்ததும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் ஏ பட்டனை அழுத்துவீர்கள். விளையாட்டு ஒரு படி பின்னால் போய்விடும். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் எழுத்தே இல்லாததால் இந்தத் தொல்லை குறைவு; வட்டம்தான் ஏ என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஜப்பானில் பிளேஸ்டேஷனிலும் வெகுகாலம் வட்டம்தான் ‘சரி’. 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதுதான் அங்கேயும் பெருக்கல் குறிக்கு மாற்றினார்கள். சாஃப்ட்வேரில் பட்டன்களை மாற்றி அமைக்கவும் வழி உண்டு, ஆனால் நான் மாற்றுவதில்லை. இரண்டு நாளில் விரல் பழகிவிடும். மாற்றி வைத்தால் அடுத்து விளையாட வருகிறவர் திணறுவார்.

சில வசதிகள் இந்தப் பயணத்தில் வழியிலேயே உதிர்ந்துவிடும். கன்ட்ரோலரின் ஹெட்ஃபோன் துளையில் சத்தம் வராது. டூயல்சென்ஸின் ட்ரிகர் விரலை எதிர்த்துத் தள்ளும் அந்த வித்தை இருக்காது. ஸ்விட்சின் ட்ரிகர் வெறும் ஆன், ஆஃப் பட்டன்தான் என்பதால் கார் விளையாட்டில் அரை ஆக்ஸிலரேட்டரும் கிடையாது. அமீபோ பொம்மையை வைத்துப் படிக்க முடியாது. பெரிய இழப்பு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில்தான்: அதில் சாய்வை உணரும் ஜைரோ இல்லை. ஸ்ப்ளட்டூனில் கன்ட்ரோலரைச் சாய்த்துக் குறி பார்ப்பதும், 2017இல் வந்த ஜெல்டாவில் பலகையைச் சாய்த்துப் பந்தை உருட்டும் புதிரும் அதனால் ஆகாது. ஸ்விட்சுக்காக இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் யோசிக்காமல் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை எடுங்கள்.

கம்ப்யூட்டருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் விண்டோஸில் செருகியதும் வேலை செய்யும். மற்றவற்றுக்கு ஸ்டீம் இருக்கிறது. டூயல்ஷாக் 4ஐ 2016 டிசம்பரிலும், ப்ரோ கன்ட்ரோலரை 2018இலும், டூயல்சென்ஸை 2020இலும் அது சேர்த்துக்கொண்டது. வயரில் மாட்டியும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்றால் கன்ட்ரோலரைக் குறை சொல்லாதீர்கள், கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா போகாத கேபிள்கள் எல்லா வீட்டு மேஜை இழுப்பறையிலும் கிடக்கின்றன.

இனி பூட்டிய வீடுகள். பிளேஸ்டேஷன் 5 எவ்வளவு கறார் என்றால், சோனியின் சொந்த டூயல்ஷாக் 4ஐயே பழைய பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளுக்குத்தான் விடும். புதிய விளையாட்டில் வாசலில் நிறுத்திவிடும். சொந்தப் பிள்ளைக்கே இந்த நிலை என்றால் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் எந்த மூலைக்கு? லைசன்ஸ் பெற்ற ரேசிங் வீல், ஆர்கேட் ஸ்டிக் போன்றவற்றுக்கு மட்டும் சலுகை உண்டு. எக்ஸ்பாக்ஸும் தன் அனுமதி பெற்ற கருவிகளையே ஏற்கும். 2023 நவம்பரில் அது இன்னும் இறுக்கி, அதுவரை எப்படியோ ஓடிக்கொண்டிருந்த அனுமதியில்லாத கருவிகளையும் தடுக்கத் தொடங்கியது.

இதில் லைசன்ஸ் காசும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. துப்பாக்கி விளையாட்டுகளில் மவுஸையும் கீபோர்டையும் கன்ட்ரோலர் போல வேஷம் கட்டிக் கொண்டுவந்து எதிராளியைச் சுலபமாகச் சாய்ப்பவர்கள் இதே வகை அடாப்டர்களைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்தத் தடையில் அடிபட்டவர்களில், கை சரியாக இயங்காததால் தமக்கு வசதியான கருவியை அடாப்டர் வழியே மாட்டி விளையாடியவர்களும் இருந்தார்கள். அவர்கள் குரல் கொடுத்தது நியாயமே என்பது என் கட்சி.

எனவே பிளேஸ்டேஷன் 5க்கோ எக்ஸ்பாக்ஸுக்கோ அடாப்டர் வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். விற்கிறார்கள், சில ஓடவும் செய்கின்றன. ஆனால் எந்த அப்டேட்டில் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆன்லைனில் ஆடுகிறவருக்கு அக்கவுண்ட் தடைபடும் ஆபத்தும் உண்டு. அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்தால் அந்தக் கன்சோலுக்கென்றே லைசன்ஸ் பெற்ற கன்ட்ரோலர் வந்துவிடும். கைக்குப் பழகிய பிடியை விட மனமில்லை என்றால் பக்கவாசல் ஒன்று இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டைப் போனில் கிளவுட் வழியாக ஆடும்போது டூயல்ஷாக் 4ஐ அது ஏற்றுக்கொள்கிறது. கன்ட்ரோலர் அங்கே போனோடுதான் பேசுகிறது என்பதால் அடையாள அட்டை கேட்க ஆளில்லை. இன்டர்நெட் வேகம் சுமாராக இருந்தால் சண்டை விளையாட்டு சரிவராது, நிதானமான விளையாட்டு ஓடும்.

கடைசியாக, திரும்பி வரும் வழி. ஸ்விட்சில் ஆடி முடித்த டூயல்சென்ஸை பிளேஸ்டேஷன் முன்னால் வைத்து எவ்வளவு அழுத்தினாலும் எழவில்லை என்று பலர் பதறுகிறார்கள். அது பழுதாகவில்லை. கடைசியாக இணைந்த அடாப்டரைத் தேடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். யூஎஸ்பி கேபிளில் பிளேஸ்டேஷனோடு இணைத்து பிஎஸ் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், வீடு திரும்பிவிடும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் என்றால் கேபிளே வேண்டாம். பேரிங் பட்டனை இரண்டு முறை தட்டினால் கன்சோலுக்கும் ப்ளூடூத்துக்கும் மாறி மாறிப் போகும்.