லீவ்ஸ்டன் புகலிடம்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் மாடமாளிகைகளைக் கொண்டு அளப்பார் பலர். தம் குறையைத் தாமே எடுத்துரைக்க மாட்டாதாரை அந்நாடு எங்ஙனம் நடத்திற்று என்பதைக் கொண்டு அளத்தலே சாலச் சிறந்ததாம். விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தை அங்ஙனம் அளத்தற்கு, இலண்டன் மாநகருக்கு வடமேற்கே ஹார்ட்போர்டுஷயரில் அமைந்த லீவ்ஸ்டன் புகலிடம் ஏற்றதொரு சான்றாகும்.

அறிவு வளர்ச்சி குன்றிய வறியோர் பலர் அக்காலத்தில் ஏழையர் தொழில் விடுதிகளிலே கிடந்து உழன்றனர். உழைக்க வல்லார்க்கென வகுத்த கடிய விதிகளே உழைக்க மாட்டாதாரையும் ஆண்டன. முதியோரும் நோயாளரும் அவரோடு நெருங்கி வதிந்தனர். 1855-ல் திறக்கப்பெற்ற ஏர்ல்ஸ்வுட் இல்லமோ, இத்தகையோரையும் பொறுமையுடன் பயிற்றலாம் என்னும் நம்பிக்கையால் எழுந்தது. ஆயின் அது நன்கொடையாளர் வாக்களித்து ஆளைத் தேர்ந்துகொண்ட அறநிலையம். பொது வரிப்பணத்தால் உயிர்வாழ்ந்த பரம ஏழைக்கு அதன் வாயில் எளிதில் திறந்திலது.

நிற்க. 1865-ல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழ், தொழில் விடுதிகளின் நோயாளர் பகுதிகளை ஆராயப் புகுந்து, அவற்றின் இழிநிலையை உலகறியச் செய்தது. 1867-ல் மாநகர ஏழையர் சட்டம் நிறைவேறிற்று. அதன்வழித் தோன்றிய மாநகரப் புகலிட வாரியம், ஜான் ஜைல்ஸ் என்பார் வகுத்த ஒரே அமைப்பில் லீவ்ஸ்டனிலும் கேட்டர்ஹாமிலும் இரு பெரு நிலையங்களை எழுப்பி, 1870-ல் திறந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,500 பேர்க்கு இடங்கொண்டது. விடுதிகளினின்று வந்தோரால் அவை விரைவில் நிரம்பின.

பிறர்க்கு ஊறு செய்யார், குணமும் அடையார் என்று கருதப்பட்டோரே ஆண்டுச் சேர்க்கப்பட்டனர். இவ்விரண்டாம் சொல்லே நிலையத்தின் போக்கை வகுத்தது எனல் மிகையாகாது. குணமடையார் எனின் செலவிடுவது ஏன்? ஆகலின் நீண்ட கூடங்களில் படுக்கைகள் நெருங்க இடப்பட்டன. ஆடவரும் பெண்டிரும் வெவ்வேறு புறத்தே வைக்கப்பட்டனர். இயன்றோர் வயலிலும் சலவைச் சாலையிலும் தொழில் புரிந்தனர். உணவும் உடையும் கூரையும் கிடைத்தன. அவை விடுதி வாழ்வினும் மேலானவையே. ஆயின் குணப்படுத்துதல் வேறு, பயிற்றுதல் வேறு என்பதை வாரியம் சிறிது காலங்கழித்தே உணர்ந்தது. சிறுவர்க்கென டேரந்தில் தனிப்பள்ளி 1878-ல் திறக்கப்பட்டது. இவர் பித்தரின் வேறாவர் என்பதைத் தெளிவுற வகுத்துரைத்த சட்டமும் 1886-ல் பிறந்தது.

பிற்காலத்தே மருத்துவமனையெனப் பெயர்மாறிய லீவ்ஸ்டன் 1995-ல் மூடப்பட்டது. இன்று அவ்விடத்தே வீடுகளும் பூங்காவும் உள. அருகே, நிலையத்தில் உயிர்நீத்தோர் துயிலும் இடுகாடும் உண்டு.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அதனை எழுப்பினோர் கொடியர் அல்லர். இரக்கமே அவரைத் தூண்டிற்று. எனினும் 'இவர் இனி வளரார்' என்று முன்னரே முடிவு கட்டிய இரக்கம், கூரையைத் தந்து கதவையும் அடைத்துவிடும். கற்பிக்கும் பொறுமையோடு கூடிய இரக்கமே புகலிடம் என்னும் பெயர்க்கு உரியதாம்.