பழைய வீடியோ டேப்பை வட்டில் பதிவது எப்படி?

அலமாரியின் மேல்தட்டில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால், உங்கள் வீட்டிலும் நான்கைந்து வீடியோ டேப்புகள் இருக்கக்கூடும். திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று தாளில் எழுதி ஒட்டியிருப்பார்கள். போட்டுப் பார்க்க விசிஆர் இல்லை. தூக்கி எறியவும் மனம் வராது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அக்காவின் திருமண டேப்பைப் பல ஆண்டுகள் கழித்து எடுத்து, துடைக்கக்கூட இல்லாமல் விசிஆரில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் படம் பனிமூட்டமாகியது. பிறகு நாடா சிக்கிக் கசங்கியது. பாட்டி நலங்கு பாடிய காட்சி அந்தப் பகுதியில்தான் இருந்தது. பாட்டியின் குரல் வேறெதிலும் பதிவாகவில்லை. அந்தத் தவற்றை நீங்கள் செய்யாமல் இருக்கவே இந்தப் பாடம்.

டேப் ஏன் கெடுகிறது?

விஎச்எஸ் முறை 1976இல் ஜப்பானில் அறிமுகமானது. 12.7 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் நாடாவின்மேல் காந்தத் துகள்கள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். மூன்று மணி நேர டேப்பில் ஏறக்குறைய 250 மீட்டர் நாடா உண்டு. நமது நாட்டின் ஈரக்காற்று அந்தப் பசையை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. பூஞ்சணமும் பிடிக்கிறது. நாடாவில் உள்ள காந்தப் பதிவும் காலப்போக்கில் வலுவிழக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடைசிவரை விசிஆர் தயாரித்து வந்த ஜப்பானிய நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கும் பழைய இயந்திரங்களும் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன.

முதலில் டேப்பைப் பாருங்கள்

டேப்பின் கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளோ சிலந்தி வலை போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சணம். அந்த டேப்பை விசிஆரில் போடவே கூடாது. நாடா பாழாவதோடு, பூஞ்சணம் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த டேப்பையும் கெடுக்கும். அதைத் தனியே ஒரு பையில் வைத்து, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சுத்தமாக இருந்தால், டேப்பின் முதுகுப்பக்கம் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தாழ்ப்பாளை உடைத்துவிடுங்கள். அப்போது தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது. பிறகு டேப்பை முழுவதும் முன்னே ஓட்டி, மீண்டும் பின்னே சுற்றுங்கள். நாடாவின் இறுக்கம் சீராகும்.

தேவையான பொருள்கள்

ஓடும் நிலையில் ஒரு விசிஆர், கணினி, யுஎஸ்பி வீடியோ கேப்சர் கருவி, டிவிடி எழுதும் டிரைவ், வெற்று டிவிடி வட்டுகள். மென்பொருள்களுக்கு ஒரு காசும் செலவில்லை. பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ, வெட்ட லாஸ்லெஸ்கட், வட்டு தயாரிக்க டிவிடிஸ்டைலர். மூன்றும் இலவசம். அவற்றின் சொந்த இணையத்தளங்களிலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: இணைப்பு

விசிஆரின் வெளியீட்டுத் துளைகளில் மஞ்சள் கம்பி படத்துக்கு; வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. மறுமுனையைக் கேப்சர் கருவியில் செருகி, அதைக் கணினியில் இணையுங்கள்.

படி 2: அமைப்பு

ஓபிஎஸ்ஸில் ‘வீடியோ கேப்சர் டிவைஸ்’ என்பதைச் சேர்த்து, பால் முறையைத் தேர்ந்தெடுங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பதிவான டேப்புகள் பெரும்பாலும் இந்த முறையில்தான் இருக்கும். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ உறவினர் அனுப்பிய டேப் என்றால் என்டிஎஸ்சி முறையாக இருக்கலாம்.

படத்தின் அளவை 768க்கு 576 என்றும், விநாடிக்கு 25 படங்கள் என்றும் வைத்து, படம் திரை முழுவதும் நிறையும்படி நீட்டிவிடுங்கள். பலர் 720க்கு 576 என்று வைத்துவிட்டு, எல்லாருடைய முகமும் ஒல்லியாகத் தெரிகிறதே என்று குழம்புவார்கள்.

பழைய தொலைக்காட்சி ஒவ்வொரு படத்தையும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என இரு பாதிகளாகக் காட்டியது. கணினி இரண்டையும் சேர்த்துக் காட்டும்போது, அசையும் கையின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரியும். ‘டீஇன்டர்லேசிங்’ பட்டியலில் ‘யாடிஃப்’ என்பதைத் தேர்ந்தால் இது மறையும்.

மிக முக்கியம்: கணினியின் மைக்கை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் 30 ஆண்டுகளுக்கு முந்திய நாதஸ்வரத்தோடு இன்றைய உங்கள் வீட்டு மிக்சி சத்தமும் பதிவாகும்.

படி 3: பதிவு

கோப்பு வகையாக எம்கேவியைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது பெரும்பாலும் தப்பிக்கும். முதலில் இரண்டு நிமிடம் மட்டும் பதிந்து, படமும் ஒலியும் சரியா என்று பாருங்கள். படத்தில் கீற்றுகள் ஓடினால் விசிஆரின் ‘டிராக்கிங்’ பொத்தானைச் சரிசெய்யுங்கள். மூன்று மணி நேர டேப்பைப் பதிய மூன்று மணி நேரம் ஆகும். இதில் குறுக்குவழி இல்லை.

படி 4: வட்டு

வெறும் நீலத்திரையாக ஓடும் பகுதிகளை லாஸ்லெஸ்கட்டில் வெட்டி எடுங்கள். பிறகு டிவிடிஸ்டைலரில் பால், 4:3 என்று தேர்ந்து கோப்பைச் சேருங்கள்.

ஒரு வட்டில் எவ்வளவு கொள்ளும்? சாதாரண வட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். இரண்டு மணி நேரம் என்றால் 7,200 விநாடி. விநாடிக்கு 4.5 மெகாபிட் வீதம் மொத்தம் 32,400 மெகாபிட். எட்டால் வகுத்தால் 4,050 மெகாபைட், அதாவது சுமார் 4 ஜிகாபைட். மீதி இடத்தில் ஒலி அடங்கும். ஆகவே ஒரு வட்டுக்கு இரண்டு மணி நேரம் போதும். மூன்று மணி நேர டேப்பை இரண்டு வட்டுகளாகப் பிரியுங்கள். ஒன்றிலேயே திணித்தால் படம் கட்டம் கட்டமாகச் சிதையும்.

குறைந்த வேகத்தில் எழுதி, வேறொரு கருவியில் போட்டுச் சோதியுங்கள். வட்டின்மேல் பெயர் எழுத மென்முனை மார்க்கர் மட்டுமே. பால்பாயின்ட் பேனா வேண்டாம்.

வட்டும் நிரந்தரமல்ல

எழுதப்பட்ட டிவிடியில் தகவல் ஒரு சாயப் பூச்சில் இருக்கிறது. வெயிலும் வெப்பமும் அதைக் கெடுக்கும். ஆகவே எம்கேவி கோப்பை அழிக்காமல் வெளி வன்தட்டில் ஒரு பிரதி வையுங்கள். இன்னொரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உடன்பிறப்பிடம் கொடுங்கள். டேப்பையும் எறிந்துவிடாதீர்கள்.

பதிவு ஓடும் அந்த மூன்று மணி நேரத்தை வீணாக்காமல், வீட்டில் இருக்கும் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பந்தியில் பரிமாறுபவர் யார், மேடை ஓரம் நிற்கும் குழந்தை யாருடையது என்று கேட்டு, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். படத்தை இயந்திரம் காப்பாற்றித் தரும். பெயர்களைச் சொல்ல அவர்கள்தான் வேண்டும். எங்கள் வீட்டில் மிஞ்சிய இரண்டாவது டேப்பை அம்மாவோடு இருந்துதான் பதிந்தேன். அந்தக் குறிப்பு இப்போது வட்டின் உறைக்குள்ளேயே இருக்கிறது.