மஞ்சள் டீம் யாருடையது?

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு எப்படிக் கொடுத்தார்கள், யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள் என்று போனில் சண்டைக்கு வந்தாயே, அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2023 மே மாத அகமதாபாத் ஐபிஎல் ஃபைனலை நீ தூங்காமல் பார்த்தாய் என்று உன் அம்மா சொன்னாள். மழையால் ஆட்டம் நள்ளிரவைத் தாண்டியது. 15 ஓவரில் 171 அடிக்க வேண்டும் என்றார்கள். கடைசி இரண்டு பந்தில் 10 ரன் பாக்கி. மோகித் சர்மாவின் ஒரு பந்து சிக்ஸர், அடுத்தது பவுண்டரி. அடித்தவரைத் தோனி அப்படியே தூக்கிக்கொண்டார். அந்த ஜடேஜாவைத்தான் 2025 நவம்பரில் சாம் கரனோடு சேர்த்து ராஜஸ்தான் ராயல்ஸுக்கு விட்டுவிட்டு, சஞ்சு சாம்சனை எடுத்துக்கொண்டது சென்னை. உன் கோபம் நியாயம்தான். ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரிய வேண்டுமானால், டீம் யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும்.

போன லீவில் இங்கே டென்னிஸ் பால் டோர்னமென்ட் பார்த்தாய் அல்லவா? நம் தெருப் பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு என்ட்ரி ஃபீஸ் கட்டினார்கள். சட்டை ஒரு டைல்ஸ் கடைக்காரர் உபயம். முதுகில் டீம் பெயரைவிடக் கடைப் பெயர்தான் பெரிது. செமி ஃபைனலுக்குப் போளூரிலிருந்து ஒரு ஃபாஸ்ட் பௌலரைக் கூட்டிவந்து, பெட்ரோல் காசும் பிரியாணியும் கொடுத்தார்கள். எதிர் டீம் "வெளியூர் ஆளு, ஒத்துக்க மாட்டோம்" என்று அரை மணி நேரம் ஆட்டத்தையே நிறுத்தியது. அந்த டீம் யாருடையது? ஆடுகிறவர்களுடையது. நாலு பேருக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை கிடைத்தால் டீமே இருக்காது. அதைப் பற்றி யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

சென்னையில் கிரிக்கெட் வேரூன்றியது கிளப்புகளில். 1846-ல் வெள்ளைக்காரர்கள் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வைத்தார்கள். சேப்பாக்கம் மைதானம் அவர்கள் வழியாக வந்தது. இந்தியர்களுக்கு அங்கே இடமில்லை என்பதால் புச்சிபாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். கிளப் என்றால் அது உறுப்பினர்களின் சொத்து. சந்தா கட்டுகிறவர்கள் கூடி முடிவெடுப்பார்கள். பிறகு கம்பெனிகள் வந்தன. சன்மார் குழுமம் 1960-களிலிருந்து ஜாலி ரோவர்ஸ் டீமை நடத்துகிறது. இந்தியா சிமெண்ட்ஸும் லீக் டீம்களை வைத்துக்கொண்டு, கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு வேலை போட்டுக் கொடுத்தது. பெங்களூரு ராகுல் டிராவிட்கூட அதன் சம்பளப் பட்டியலில் இருந்தவர். சென்னை லீக்கின் தரத்துக்கு அந்தச் சம்பளம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணக்கு. மழை வந்தாலும் முட்டி பெயர்ந்தாலும் மாதம் பிறந்தால் காசு வரும் என்றால்தான் ஒரு குடும்பம் பையனை வெயிலில் விடும்.

இதிலெல்லாம் இல்லாத ஒரு விஷயம் 2008-ல் ஐபிஎல்லோடு வந்தது. ஆட்டக்காரரையோ மைதானத்தையோ வாங்காமல், ஒரு ஊரின் பேரில் ஆடும் உரிமையை மட்டும் ஏலத்தில் எடுப்பது. இந்த யோசனை நம்முடையது இல்லை, இங்கிலாந்துடையதும் இல்லை. அமெரிக்காவின் பேஸ்பாலில் பிறந்தது.

1869-ல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்ற டீம், ஆடுகிறவர்களுக்கு வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக ஆடியது. அதற்குமுன் கமுக்கமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1876-ல் வில்லியம் ஹல்பர்ட் என்ற சிகாகோக்காரர் நேஷனல் லீக்கை அமைத்தார். லீக் ஆட்டக்காரர்களின் சங்கமாக இருக்கக் கூடாது, டீம் முதலாளிகளின் சங்கமாக இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட முடிச்சு. ஒரு ஊருக்கு ஒரு டீம்தான், அந்த வட்டாரத்தில் வேறு யாரும் கடை போடக் கூடாது. மூன்று ஆண்டு கழித்து, ஆட்டக்காரர் தன் இஷ்டத்துக்கு வேறு டீமுக்குப் போக முடியாதபடி இன்னொரு முடிச்சும் விழுந்தது. நீ ஐபிஎல்லில் பார்க்கும் ஏலம், தக்கவைப்பு, மாற்றிக்கொள்வது எல்லாம் இந்த வம்சத்துப் பிள்ளைகள்.

புரூக்ளின் டாட்ஜர்ஸ் கதையைச் சொன்னால் உனக்குப் புரிந்துவிடும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மக்கள் உயிரை வைத்திருந்த டீம் அது. 1947-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்த்து, பெரிய லீக்கில் அறுபது ஆண்டுக்கு மேல் நின்ற நிறத் தடையை உடைத்தது. தோற்றுத் தோற்று, கடைசியில் 1955-ல் உலகத் தொடரை வென்றது. இரண்டே ஆண்டில், 1957 சீசன் முடிந்ததும், உரிமையாளர் வால்டர் ஓமாலி டீமை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோய்விட்டார். புதிய மைதானத்துக்கு அவர் கேட்ட இடம் புரூக்ளினில் கிடைக்கவில்லை. மேற்கே இடமும் கூட்டமும் காத்திருந்தன. பழைய மைதானத்தை 1960-ல் இடித்து அடுக்குமாடி வீடு கட்டினார்கள். புரூக்ளின்காரர்கள் கத்திப் பார்த்தார்கள். கத்தியவர்கள் யார் பெயரிலும் பத்திரம் இல்லை.

இப்போது சென்னைக்கு வருகிறேன். 2008 ஜனவரி 24 ஏலத்தில் சென்னை உரிமையை இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு எடுத்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 360 கோடி ரூபாய். மும்பை 11 கோடி டாலரைத் தாண்டியது என்பதால் நம்முடையது அன்று மலிவுதான். அடுத்த மாதம் ஆட்டக்காரர் ஏலம். மும்பைக்குச் சச்சின், பெங்களூருவுக்கு டிராவிட் என்று ஐந்து டீம்களுக்குச் சொந்த ஊர் நட்சத்திரம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தார். அவருக்கு, அந்த டீம் ஏலத்தில் மிக அதிக விலைக்கு எடுக்கும் ஆளைவிட 15 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். சென்னைக்கு அப்படி யாரும் இல்லை. அந்தக் குறையே லாபமாயிற்று: கை தாராளமாக இருந்ததால் 15 லட்சம் டாலர் கொடுத்துத் தோனியை எடுக்க முடிந்தது. அந்த ஏலத்தின் மிகப் பெரிய தொகை அது. ராஞ்சிக்காரர் நம்மூர்த் 'தல' ஆனது இப்படித்தான்.

கோப்பைக் கதை உனக்கே மனப்பாடம்: 2010, 2011, 2018, 2021, 2023. அதில் ஒரே ஒரு ஆட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ அப்போது பிறக்கவில்லை. 2010 ஏப்ரலில் தர்மசாலா, தோற்றால் வெளியே. கடைசி ஓவரில் 16 வேண்டும். இர்பான் பதான் பந்தைத் தோனி இரண்டு சிக்ஸர் அடித்து முடித்துவிட்டு, தன் ஹெல்மெட்டிலேயே கையால் ஒரு குத்து விட்டார். அலட்டிக்கொள்ளாத மனுஷன் என்று பெயரெடுத்தவர் உள்ளே எவ்வளவு கொதித்துக்கொண்டிருந்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வாரம் முதல் கோப்பை.

2013-ல் சூதாட்டப் புகார் வந்தது. டீம் நிர்வாகத்தில் இருந்தவர் பந்தயம் கட்டியதாக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்குள் இன்னொரு கேள்வியும் புகுந்தது: கிரிக்கெட் வாரியத்தை நடத்துகிறவரே டீம் முதலாளியாகவும் இருக்கலாமா? அப்படி இருக்க இடம் கொடுத்த விதித் திருத்தத்தை 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஜூலையில் அந்த நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னை, ராஜஸ்தான் இரண்டு டீம்களின் நிறுவனங்களுக்கும் இரண்டு ஆண்டு தடை போட்டது. ரசிகர்கள் இதைப் 'பழிவாங்கல்' என்று பேசினார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். தவறு நடந்ததா என்று நீதிமன்றம்தான் பார்க்க வேண்டும், விசில் சத்தம் பார்க்க முடியாது.

தோனி புனே டீமுக்கும், ரெய்னாவும் ஜடேஜாவும் குஜராத் லயன்ஸுக்கும் போனார்கள். ஆட்டக்காரர் இல்லை, ஆட்டம் இல்லை, சேப்பாக்கத்தில் மஞ்சள் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து 2018-ல் திரும்பி வந்தபோது முதல் உள்ளூர் மேட்ச்சிலேயே காவிரிப் போராட்டம். மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது. மீதி உள்ளூர் ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்றினார்கள். அப்போது சென்னையிலிருந்து ஒரு தனி ரயில் ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு புனேவுக்குப் போனது. தண்ணீருக்காகப் போராடியவர்களும் ரயிலேறியவர்களும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதை மறந்துவிடாதே. அந்த ஆண்டு ஃபைனலில் வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்காமல், கடைசியில் 57 பந்தில் 117 அடித்து நின்றார்.

கம்பெனிக் கணக்கில் என்ன நடந்தது என்றால், டீமை சிமெண்ட்டிலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக்கிவிட்டார்கள். இந்தியா சிமெண்ட்ஸ் பங்கு வைத்திருந்தவர்களுக்கு டீமின் பங்கும் கிடைத்தது. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸே அல்ட்ராடெக் கைக்குப் போனது. 2008-ல் டீமை வாங்கிய கம்பெனி கைமாறிவிட்டது. டீம், அந்தக் கம்பெனியை முன்பு நடத்திய குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. சிமெண்ட் கம்பெனிக்கு ஒரு பொழுதுபோக்காக ஆரம்பித்தது சிமெண்ட்டைவிட நீடித்துவிட்டது என்றால் 2008-ல் யார் நம்பியிருப்பார்கள்?

ஆக, ஜடேஜாவைக் கொடுக்க உன்னைக் கேட்க வேண்டிய அவசியம் சட்டப்படி யாருக்கும் இல்லை. 2009-ல் கோப்பை வென்ற ஹைதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் 2012-ல் கலைக்கப்பட்டது. கொச்சி டீம் ஆடியது ஒரே ஒரு சீசன். நம் மாநில லீக்கான டிஎன்பிஎல்லில் காரைக்குடி காளை என்று ஒரு டீம் இருந்ததே, அதுதான் இன்றைய திருப்பூர் தமிழன்ஸ். 2025-ல் கோப்பையும் வாங்கிவிட்டது. முதல் ஆண்டு கோப்பை வாங்கிய தூத்துக்குடி டீம் பிறகு சேலம் ஆனது. காரைக்குடியில் பழைய சட்டையை மடித்து வைத்திருக்கும் பையன் திருப்பூருக்குக் கைதட்டுகிறானா என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேட்க ஆசை.

ஆனால் முதலாளிக்கும் ஒரு பயம் உண்டு. ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்றதே, அந்தக் காசு உன்னைப் போலக் கண் விழித்துப் பார்க்கிறவர்களை நம்பி வந்தது. 2025-ல் சென்னை முதல்முறையாகக் கடைசி இடத்துக்கு இறங்கியது. ஜடேஜாவைக் கொடுத்ததில் கணக்கு இருந்தது போலவே அந்தப் பயமும் இருந்திருக்கும். சாம்சனுக்கு வயது குறைவு, கீப்பிங்கும் செய்வார். தோனிக்குப் பின் யார் என்ற கேள்விக்கு அவசரமாக ஒரு பதில் வேண்டியிருந்தது. எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை, ஆனால் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன்.

நீ கேட்ட இன்னொன்று: பெண்கள் ஐபிஎல்லில் நம் டீம் எங்கே? இல்லை. 2023 ஜனவரியில் ஐந்து டீம்களின் உரிமை மொத்தம் 4,670 கோடிக்கு ஏலம் போனது. மும்பை, டெல்லி, பெங்களூரு, குஜராத், உத்தரப் பிரதேசம். சென்னை இல்லை. பதினெட்டு ஆண்டாக மஞ்சள் சட்டை விற்கிற ஊரில் பெண்களுக்கு ஒரு மஞ்சள் சட்டை இல்லாதது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. 2024 டிசம்பர் ஏலத்தில், மதுரையில் பிறந்த ஜி. கமலினியை மும்பை 1.6 கோடிக்கு எடுத்தது. ஆரம்ப விலை 10 லட்சம், வயது 16. இடது கை பேட்டிங், கீப்பிங்கும் உண்டு. அடுத்த தடவை மும்பை ஆடும்போது பார்த்துவிட்டு, நீ எந்தப் பக்கம் கைதட்டினாய் என்று எனக்கு எழுது. அம்மாவிடம் சொல்லி எழுத வைக்காதே, நீயே எழுது.

அன்புடன்,
மாமா